சுவர் காயட்டும், பெயிண்ட் அப்புறம்

மார்கழி பிறந்துவிட்டால் திண்டுக்கல் பெயிண்ட் கடைகளில் நிற்க இடம் இருக்காது. பொங்கலுக்குள் வீட்டைப் பளிச்சென்று ஆக்கிவிட வேண்டும் என்கிற அவசரம். பல வருடம் பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைத் திறந்து சீர்செய்கிறவர்களும் இதே கணக்கில்தான் ஆள் பிடிக்கிறார்கள். தை பிறந்ததும் பால் காய்ச்சிக் குடிபோக வேண்டும். ஆனால், நம் ஊரில் ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை. அதில் பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டுகிறது. ஆக, சுவர் வருடத்திலேயே அதிகமாக ஈரம் குடித்து நிற்கிற மாதமாகப் பார்த்து அதன்மேல் பெயிண்டைப் பூசி மூடுகிறோம்.

தாத்தா காலத்திலும் பொங்கலுக்குத்தானே வெள்ளையடித்தார்கள் என்று கேட்கலாம். அடித்தார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள். சுண்ணாம்பு மூச்சுவிடுகிற பூச்சு. உள்ளே இருக்கும் ஈரம் அதன் வழியே வெளியேறி, மாசி, பங்குனி வெயிலில் காய்ந்துபோகும். புதிதாக அடித்த சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. நாளாக ஆக அந்தக் காரம் குறையும். அடுத்த பொங்கலுக்கு மறுபடி ஒரு பூச்சு விழும். வழக்கமும் பொருளும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன. இப்போது வழக்கம் அப்படியே இருக்கிறது, பொருள் மாறிவிட்டது. இரண்டு கோட்டிங் பட்டி, ஒரு பிரைமர், அதன்மேல் எமல்ஷன் என்று ஈரச் சுவரை மூடிவிட்டால், வெளியே வர வழி தெரியாத ஈரம் வேறு வழி தேடும். ஆடி மாதத்துக்குள் சுவர் கொப்புளிக்கும், பட்டி பொருக்குப் பொருக்காகப் பெயரும். பெயிண்ட் கம்பெனியைத் திட்டுவோம். அந்தப் பாவத்தில் கம்பெனிக்குப் பங்கு கொஞ்சம்தான்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. பிள்ளைகள் கோவை, திருப்பூர், சென்னை, வளைகுடா என்று போய்விட்டார்கள். பங்காளிகளுக்குள் பாகம் பிரியவில்லை. வாடகைக்கு விட்டால் காலி செய்ய மாட்டார்கள் என்ற பயம் வேறு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டை நம்பிச் சாத்திவிட்டுப் போன வீடுகளில் பூட்டு இன்றைக்கும் அசையாமல் இருக்கும். மேலே தளம்தான் தண்ணீருக்கு வழிவிட்டிருக்கும்.

திறந்ததும் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு. விளக்குமாற்றை எடுத்துப் பெருக்குவது. வௌவால் எச்சம், புறாப் புழுக்கை, சுவரில் படர்ந்த பூஞ்சை எல்லாம் காய்ந்த தூளாகக் கிடக்கும். பெருக்கினால் அத்தனையும் மூக்கு வழியே நுரையீரலுக்குள் போகும். முதலில் மெயினை அணைக்க வேண்டும். பழைய மரப்பட்டி வயரிங் ஓடுகிற ஈரச் சுவரில் கை வைத்தாலே ஷாக் அடிக்கலாம். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் ஒரு நாள் முழுக்கத் திறந்துபோட்டு, பிறகு தண்ணீரை லேசாகத் தெளித்து, குப்பையை அள்ளித்தான் எடுக்க வேண்டும். நனைந்து பூசணம் பிடித்த இலவம்பஞ்சு மெத்தை, பாய், அட்டைப்பெட்டி, பிளைவுட் சாமான் எதையும் காப்பாற்ற நினைக்காதீர்கள். பித்தளை, கல், தேக்கு பீரோ ஆகியவற்றைத் துடைத்து நிழலில் ஆறவிட்டால் போதும்.

அடுத்து தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று பார்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் பொறுமை இழக்கிறார்கள். மழை பெய்த மறுநாள் கூரையில் வட்டமாகக் கறை விரிந்தால் தளத்தில் கோளாறு. சித்திரை வெயிலிலும் ஓர் இடம் மட்டும் காயாமல் இருந்தால் சுவருக்குள் ஓடும் குழாயைச் சந்தேகப்பட வேண்டும். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவைத்து, காலையில் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தரையிலிருந்து இடுப்பு உயரம்வரை சுவர் நிறம் மாறி, அதற்கு மேலே உப்புக் கோடு கட்டியிருந்தால் அது ஓதம். அஸ்திவாரம் பூமியிலிருந்து ஈரத்தை உறிஞ்சி ஏற்றுகிறது என்று அர்த்தம். எதுவென்று பிடிபடாவிட்டால், ஓர் அடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் முத்து முத்தாகத் துளிர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப் பக்கம் துளிர்த்தால் காற்றோட்டம் போதாமல் அறைக்குள்ளேயே நீராவி தங்குகிறது. இதற்கு ஆகும் செலவு பத்து ரூபாய்கூட இல்லை. இதைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் வாட்டர் புரூஃப் டப்பாக்களை வாங்குகிறோம்.

தளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ரத வீதிகளைச் சுற்றியுள்ள பழைய தெருக்களின் மச்சு வீடுகளில் மெட்ராஸ் டெரஸைப் பார்க்கலாம். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மெல்லிய செங்கல்லை நிறுத்தி வைத்துச் சுண்ணாம்பில் சாய்வாட்டமாக அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பதப்படுத்தி, கடைசியில் தட்டோடு பதித்து முடிப்பார்கள். ஒரு தலைமுறை பராமரித்தால் இன்னொரு தலைமுறை தாங்குகிற வேலை. அது ஒழுக ஆரம்பித்தால் பெரும்பாலும் குற்றவாளி தட்டோட்டுக்கு இடையில் விட்டுப்போன சந்துகளும், மழைநீர்க் குழாயின் வாயில் முளைத்த அரசங்கன்றும்தான். கன்றைப் பிடுங்கி இழுத்தால் வேரோடு சுவரும் வரும். வெட்டிவிட்டு வேரைச் சாகடித்த பிறகுதான் பூச வேண்டும்.

ஆனால், நடைமுறையில் மேஸ்திரி சொல்கிற வைத்தியம் வேறு. மேலே இரண்டு அங்குலம் கான்கிரீட் போட்டுவிடலாம் என்பார். நூறு சதுர அடித் தளத்தில் இரண்டு அங்குலக் கான்கிரீட்டின் எடை ஒரு டன்னுக்கு மேல். தாங்கப்போகிற கட்டையின் முனையோ சுவருக்குள் புதைந்து, ஈரத்தில் இற்று, கரையான் தின்று, வெளியே மட்டும் முழுசாகத் தெரிகிறது. உளி முனையால் அந்த இடத்தில் குத்திப் பார்த்தால் ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கும். குத்திப் பார்க்காமல் கான்கிரீட் போடுகிறவர்கள் ஒழுகலை நிறுத்தி இடிபாட்டை வரவழைக்கிறார்கள். 2021 டிசம்பரில் மதுரை நகருக்குள் பழைய கட்டடம் ஒன்று நள்ளிரவில் சரிந்து, ரோந்து போய்க்கொண்டிருந்த காவலர் உயிரிழந்தார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2019 டிசம்பர் 2 அன்று, மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய மதில் வீடுகள்மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். ஊறிய சுவரை அழகுக் குறைவு என்று மட்டும் பார்க்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கான்கிரீட் வீடுகள் இதற்கு விதிவிலக்கு இல்லை. எழுபது, எண்பதுகளில் கட்டிய வீடுகளில் தளத்தின் அடியில் காரை பெயர்ந்து கம்பி பல்லிளிக்கிறது. துருப் பிடித்த கம்பி பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டைத் தள்ளிப் பிளக்கிறது. துருவைச் சுரண்டாமல், மேலேயிருந்து இறங்கும் தண்ணீரை நிறுத்தாமல், அந்தக் குழியில் சிமெண்ட் அப்பி, கீழே பால்ஸ் சீலிங் போட்டு மறைப்பது இப்போது நாகரிகம் ஆகிவிட்டது. அடுத்து விழும்போது இரண்டும் சேர்ந்து விழும்.

திண்டுக்கல்லுக்கென்று தனிப்பட்ட சங்கடம் ஒன்றும் இருக்கிறது: உப்பு. தோல் பதனிடும் ஷாப்புகளில் தோலைக் கெடாமல் வைக்க உப்புப் போடுவார்கள். அந்த உப்பு தோல் ஷாப்புகளின் கழிவோடு பல பத்தாண்டுகளாக மண்ணுக்குள் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பு, வட ஆற்காட்டோடு திண்டுக்கல் தோல் ஷாப்புகளையும் சேர்த்தே கணக்கில் எடுத்துக்கொண்டது. மாசுபடுத்திய ஒவ்வொரு தொழிற்சாலையும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்றது. பொன்னிமாந்துறைப் பக்கத்துக் கிணறுகள் கெட்டுப்போன கதையைக் குடிநீர்ப் பிரச்சினையாகவே நாம் பேசியிருக்கிறோம். குடிக்க ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீர் வருகிறது, சரி. வீடு கட்ட எந்தத் தண்ணீரை எடுக்கிறோம்? போர்த் தண்ணீரைத்தான். கலவைக்கும் அதுதான், பூச்சு காயாமல் அடிக்கிற தண்ணீரும் அதுதான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்திய தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 456. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் தண்ணீரைச் சோதித்துக் கொடுப்பார்கள். வீடு கட்டுகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கம் போகிறார்கள்?

ஈரம் சுவரின் மேற்பரப்புக்கு வந்து ஆவியாகும்போது கூடவே வந்த உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகிறது. படிகம் வளர வளர, பூச்சைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளுகிறது. சுவர் பொரிகிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். வெள்ளையாகப் பஞ்சுபோல் பூத்திருக்கும். விரலால் தடவினால் மாவாக உதிரும். நாக்கில் வைத்துப் பார்க்கிற பெரிய கொத்தனார்களும் உண்டு, பூஞ்சைச் சுவரில் அந்தச் சோதனை வேண்டாம். உப்புப் பூத்த சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும், காய்ந்ததும் திரும்ப வரும். காய்ந்த பிரஷ்ஷால் துடைத்து அள்ளி வெளியே போட வேண்டும். கெட்டுப்போன பூச்சை, ஈரக் கோட்டுக்கு ஓர் அடி மேல்வரை கொத்தி எடுத்துவிட்டு, செங்கல்லை அப்படியே வெயில் காலம் முழுக்கக் காயவிட வேண்டும். ஓர் அங்குலச் சுவர் காய ஒரு மாதம் என்பது கட்டட வேலைக்காரர்களின் தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் திறந்திருந்தால்கூட நான்கைந்து மாதம் கேட்கும். தையில் ஈரத்தை நிறுத்தினால் வைகாசியில் பூசலாம். நமக்குக் கிடைத்திருக்கிற திண்டுக்கல் வெயில் எந்த நாட்டு மெஷினைவிடவும் நன்றாக வேலை செய்யும், விட்டால்.

பூசும்போதும், சுண்ணாம்பில் கட்டிய சுவரைச் சுண்ணாம்பாலேயே பூசுவது நல்லது. மிருதுவான பழைய செங்கல்மேல் கெட்டியான சிமெண்ட் பூச்சைப் போட்டால் ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே இன்னும் இரண்டடி மேலே ஏறி, முன்பு காய்ந்திருந்த இடத்தில் தலைகாட்டும். வேடிக்கை என்னவென்றால், சுண்ணாம்புக்கல் நம் மாவட்டத்திலேயே, வேடசந்தூர் பக்கம் கரிக்காலியில், கிடைக்கிறது. அங்கே இருப்பது சிமெண்ட் ஆலை. சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனாருக்குக் காரைக்குடிப் பக்கம் சொல்லியனுப்ப வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் வீட்டுக்காரர் கையில் இருப்பவை. அவர் கையில் இல்லாத ஒன்று தெரு.

பழைய வீடுகளைக் கட்டியவர்கள் தெருவிலிருந்து இரண்டு மூன்று படி ஏறித் திண்ணைக்குப் போகும்படி கட்டினார்கள். இன்று அதே வீடுகளுக்குள் ஒரு படி இறங்கிப் போகிறோம். வீடு தாழவில்லை. தார்மேல் தார், சிமெண்ட்மேல் சிமெண்ட் என்று தெரு உயர்ந்துகொண்டே போனது. கூடவே சாக்கடையும் உயர்ந்தது. அஸ்திவாரத்தின் கருங்கல் வரி மண்ணுக்குள் போய், ஈரமே படக் கூடாத செங்கல் வரி சாக்கடைத் தண்ணீரோடு உரசி நிற்கிறது. இந்தச் சுவருக்கு எந்தக் கம்பெனியின் எந்தப் பூச்சும் நிற்காது. வீட்டுக்காரர் தன் பங்குக்கு உள்ளே கிராவல் கொட்டித் தரையை உயர்த்துகிறார். நிலைப்படி தலையில் இடிக்கிறது. நான்கைந்து வருடத்தில் தெரு மறுபடியும் ஜெயிக்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தினார். வீடுகளுக்குள் தண்ணீர் புகுவதையே அதற்குக் காரணமாகவும் காட்டினார். பெரிய சாலைகளில் சுரண்டும் இயந்திரத்தைப் பார்க்க முடிகிறது. சந்துகளில்? அங்கே பழைய சிமெண்ட் சாலையின் மேலேயே புதிய சிமெண்ட் விழுகிறது. 2014-இல் மாநகராட்சியான ஓர் ஊரில், ஒவ்வொரு தெருவுக்கும் இதுதான் சாலை மட்டம் என்று ஒரு கல்லை நட்டு, ஒப்பந்தக்காரர் அதற்கு மேல் ஓர் அங்குலம் போனாலும் பில் பாஸ் ஆகாது என்று சொல்வது அவ்வளவு பெரிய காரியமா?

மழைநீர் சேகரிப்பிலும் ஒரு திருத்தம் தேவை. 2003-இல் அது கட்டாயமானபோது அவசர அவசரமாகத் தோண்டிய குழிகள் பல, அஸ்திவாரத்தை ஒட்டியே இருக்கின்றன. சேகரித்த தண்ணீர் முதலில் சுவரைத்தான் நனைக்கிறது. குழி வேண்டும், சுவரைவிட்டு எட்டத்தில் வேண்டும்.

பூஞ்சையின் உடல்நலக் கணக்குக்கு வருவோம். 2021-இல் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது, குளியலறைச் சுவரின் கறுப்புத் திட்டுகளைப் பார்த்தே பலர் பயந்தார்கள். அந்த நோய் பெரும்பாலும் கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்த கொரோனா நோயாளிகளைத் தாக்கியது. சுவரில் சாதாரணமாகப் படர்வது வேறு வகைகள். அதற்காக அவை சாது என்று சொல்ல முடியாது. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வசிப்பவர்களுக்கு மூச்சுத் தொல்லையும் ஆஸ்துமாவும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் தனி வழிகாட்டி நூலே வெளியிட்டது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், பூஞ்சை படர்ந்த வாடகை வீட்டில் வளர்ந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. நீண்ட நாள் பூஞ்சைக் காற்றைச் சுவாசித்ததே காரணம் என்று 2022-இல் விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பெற்றோர் திரும்பத் திரும்பப் புகார் செய்தும் வீட்டை நிர்வகித்தவர்கள் சரிசெய்யவில்லை. அடுத்த ஆண்டே, சமூகக் குடியிருப்புகளில் இத்தகைய புகார்களுக்குக் கெடு வைத்து வேலை முடிக்க வேண்டும் என்ற சட்டம் நிறைவேறியது; அது அந்தக் குழந்தையின் பெயராலேயே அறியப்படுகிறது.

நம்மிடமும் சட்டம் உண்டு. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது ஆகியவை வீட்டு உரிமையாளர் பொறுப்பு என்று அதன் அட்டவணை சொல்கிறது. ஒழுகுகிற வீட்டைச் சொந்தக்காரரிடம் சொன்னால் அடுத்த மாதம் காலி செய்யச் சொல்வார் என்பதால் குடியிருப்பவர் வாயைத் திறப்பதில்லை. குழந்தைக்கு விடாமல் இருமல் என்று மருந்துக் கடையில் சிரப் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

பூஞ்சைக்குப் பிளீச்சிங் பவுடர் தெளிப்பது நம் வழக்கம். மேலே உள்ளது வெளுக்கும், பூச்சுக்குள் இறங்கியது தப்பிக்கும். தவிர, செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும் என்பதால் கொன்றால் போதாது, சுரண்டி எடுத்தாக வேண்டும். லேசாக நனைத்துச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் துடைத்து, காற்றாட விட்டாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். பிளீச்சிங் போட்ட இடத்தில் டாய்லெட் ஆசிட்டையும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்; மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

இந்த வேலையை யார் செய்கிறார்கள்? கொத்தி விழுந்த பூச்சைச் சட்டியில் அள்ளித் தலையில் சுமந்து போகிற சித்தாள் அக்கா. முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருப்பார், அவ்வளவுதான் பாதுகாப்பு. பெயிண்டுக்கு ஐம்பதாயிரம் எடுத்துவைக்கிற வீட்டுக்காரர் ஆளுக்கொரு என்-95 மாஸ்க் வாங்கித் தர யோசிக்கிறார். சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் இடிப்பு வேலை நடக்கும்போது வீட்டுப் பக்கமே வரக் கூடாது என்று சொந்தக்காரர் குடும்பத்துக்குச் சொல்கிற மருத்துவ ஆலோசனை, அந்த அக்காவுக்கும் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்பதில்லை. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்றும் நாம் கேட்பதில்லை. வாரியம் விபத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பணம் தருவதோடு, இடிப்பு வேலைக்கு வருகிறவர்களுக்கு மாஸ்க்கும் கையுறையும் கொடுக்கலாம். சுண்ணாம்புப் பூச்சில் கொத்தனார்களுக்குப் பயிற்சியும் நடத்தலாம். தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், சொல்லிக்கொடுக்கத் தயாராகவும் இருக்கிறார்கள். வருகிற மாசியில் ஒரு பயிற்சி வகுப்பைத் தொடங்கினால், அடுத்த ஐப்பசிக்குள் ரத வீதிகளைச் சுற்றி நான்கைந்து தளங்களையாவது ஒழுகாமல் ஆக்கிவிட முடியும்.